‘நடிகரோடு ஒரு மாலை’: டிக்கெட் பணத்தில் ஹாஸ்பிஸுக்கு எவ்வளவு தேறும்?

பிரிட்டனில் ஹாஸ்பிஸ்களுக்காக (குணமாக்க முடியாத நோயாளிகளைக் கடைசிவரை பராமரிக்கும் அமைப்புகள்) நடக்கும் நிதி திரட்டும் மாலைகளில் இரண்டு ரகம் பிரபலம். ஒன்று ஓட்டல் விருந்து: மேசைக்குப் பத்துப் பேர், மூன்று சுற்றுச் சாப்பாடு, கடைசியில் ஏலம். மற்றது ஒரு மூத்த நடிகர், ஒரு மேடை, ஒரு நாற்காலி. பணம் போய்ச் சேரும் இடத்தை வைத்துப் பார்த்தால் இரண்டாவதே மேல். விருந்தில் தலைக்கு இவ்வளவு என்று சமையல்காரருக்குப் போய்விடும். மேசை காலியாகக் கிடந்தாலும் அந்தத் தட்டுக்குப் பணம் கட்டியாக வேண்டும். மிச்சம் தேறுவது ஏலத்தில் கை தூக்கும் நாலைந்து பணக்காரர்கள் புண்ணியத்தில்தான். தனிநடிப்பு மாலையில் அரங்க வாடகை, ஒளி, ஒலி ஆட்கள், டிக்கெட் விற்பனைக் கட்டணம் ஆகியவைதான் பெரிய செலவு. நானூறு பேர் வந்தாலும் எழுநூறு பேர் வந்தாலும் அது பெரிதாக மாறாது.

இந்த வடிவத்துக்கு நல்ல உரைகல் பிரிட்டிஷ் மேடை, திரைப்பட நடிகர் இயன் மெக்கெல்லன். 1987-88 குளிர்காலத்தில் லண்டன் பிளேஹவுஸ் தியேட்டரில் ‘ஆக்டிங் ஷேக்ஸ்பியர்’ என்ற தனிநடிப்பை நடத்தி, எய்ட்ஸ் நோயாளிகளுக்காக நாட்டிங் ஹில் பக்கம் உருவாகிவந்த லண்டன் லைட்ஹவுஸ் என்ற பராமரிப்பு இல்லத்துக்கு நிதி திரட்டினார். அந்த நோயின் பெயரை உரக்கச் சொல்லவே ஊர் தயங்கிய காலம் அது. 1984இலேயே பிராட்வே வரை போய்வந்த நிகழ்ச்சி என்பதால் புதிதாக ஒத்திகைச் செலவு எதுவும் பெரிதாக இல்லை. அரங்க அமைப்பும் சக நடிகர்களும் கிடையாது. ஷேக்ஸ்பியருக்கு ராயல்டியும் கிடையாது! கடைசியில் பார்வையாளர்களையே மேடைக்கு அழைத்து, போரில் மடியும் பிரெஞ்சுப் படையாக விழவைப்பார். டிக்கெட் வாங்கியவர் வீட்டுக்குப் போய்ப் பத்துப் பேரிடம் சொல்ல அது ஒன்றே போதும்.

ராயல்டி விஷயத்தில் பல குழுக்கள் கோட்டை விடுகின்றன. நடிகர் இலவசமாக வருகிறார் என்பதற்காக அவர் வாசிக்கும் எழுத்தும் இலவசமாகிவிடாது. பிரிட்டனில் எழுதியவர் இறந்து எழுபது ஆண்டு முடிந்த படைப்புகளுக்கே பொதுவாக அனுமதி தேவையில்லை. நிகழ்ச்சி நிரலை மூன்று மாதம் முன்பே கேட்டு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் உரிமை யாரிடம் என்று பார்த்துவிட வேண்டும். நன்கொடை நிகழ்ச்சி என்று சொன்னால் சில உரிமையாளர்கள் கட்டணத்தை விட்டுக்கொடுப்பார்கள், ஆனால் முந்தின வாரம் கேட்டால் யாரும் பதில் போட மாட்டார்கள்.

டிக்கெட் விலையில்தான் அடுத்த சூட்சுமம். வரி கட்டுபவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டு நன்கொடைக்கும் கிஃப்ட் எய்ட் என்ற வரித் திட்டத்தின் மூலம் ஹாஸ்பிஸுக்கு அரசிடமிருந்து இன்னும் 25 பென்ஸ் வரும். ஆனால் டிக்கெட் விலை நன்கொடை ஆகாது, ஏனென்றால் அதற்குப் பதிலாக நிகழ்ச்சியைப் பார்க்கிறோம். ஆகவே 30 பவுண்டு என்று ஒரே விலை வைக்காமல், நுழைவு 20 பவுண்டு, விரும்பினால் நன்கொடை 10 பவுண்டு என்று பிரிப்பது நல்ல ஏற்பாடு. 300 பேர் அந்தப் பத்தையும் கொடுத்துக் கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்தும் போட்டால், கூடுதலாக 750 பவுண்டு வரும். நிபந்தனை கறாரானது. 20 மட்டும் கொடுப்பவரை வாசலில் தடுக்கக்கூடாது, விளம்பரத்திலும் அதைத் தெளிவாகப் போட வேண்டும். நன்கொடை தந்தவருக்கு முன்வரிசை, நடிகரோடு படம் என்று எதையாவது கொடுத்தால் அந்தத் தொகை விலையாகிவிடக்கூடும், வரித்துறை கேள்வி கேட்கலாம்.

மெக்கெல்லனின் இன்னொரு உத்தி, நன்கொடை வாங்கும் வாளி. 2019இல் எண்பது வயதை ஒட்டி எண்பது அரங்குகளில் தனிநிகழ்ச்சி நடத்தியபோது (அது அரங்குகளுக்கான நிதி, ஹாஸ்பிஸுக்கு அல்ல) முடிந்ததும் தானே வாளியோடு வாசலில் வந்து நின்றார். தொண்டர்கள் வாளி பிடித்தால் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப்போகிறவர்கள், நடிகர் பிடித்தால் வரிசையில் நின்று போடுவார்கள். ஆனால் நேரம் தப்பினால் கதை கந்தல். கைதட்டல் ஓய்ந்து ஐந்து நிமிடத்தில் பாதி அரங்கம் ரயிலைப் பிடிக்கப் போய்விடும். அதனால் ஒரே ஒரு வணக்கம், மேடைப் பக்கக் கதவு வழியாக நேரே முன்கூடம், அதுவரை மேடையில் யாராவது இரண்டு நிமிடம் நன்றி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். சில்லறை வைத்திருப்பவர் இப்போது குறைவு, எனவே ஒவ்வொரு வாளியோடும் ஒரு கார்டு இயந்திரம், முன்கூட்டியே 10 பவுண்டு என்று பதிந்துவைத்தது, கட்டாயம். பழைய கல் கட்டடங்களின் முன்கூடத்தில் மொபைல் சிக்னல் எடுக்காது. முந்தின நாளே அங்கே நின்று ஒரு பவுண்டு இழுத்துப் பார்ப்பது நல்லது. 30 பவுண்டு வரையிலான ரொக்கத்துக்கும் கார்டைத் தொட்டுச் செலுத்துவதற்கும் படிவமே இல்லாமல் கிஃப்ட் எய்ட் போன்ற தொகை கேட்கச் சிறு நன்கொடைத் திட்டம் உண்டு. ஆண்டுக்கு 8,000 பவுண்டு வசூல் வரைதான் அது செல்லும். பெரிய ஹாஸ்பிஸ்கள் அந்த வரம்பைக் கடை உண்டியல்களிலேயே தீர்த்திருக்கும்.

இடைவேளைப் பரிசுச் சீட்டுக் குலுக்கல் தொந்தரவில்லாதது. நிகழ்ச்சி நடக்கும் இடத்திலேயே சீட்டு விற்றால் உரிமம் வேண்டாம், பரிசுகளுக்கு 500 பவுண்டுக்கு மேல் வசூலிலிருந்து எடுக்கக்கூடாது என்பது முக்கிய நிபந்தனை.

மேடையில் பணம் கேட்பது யார் என்பதில்தான் பெரும்பாலான மாலைகள் சொதப்புகின்றன. அறங்காவலர் குழுத் தலைவர் பதினைந்து நிமிடம் வரலாறு சொல்வார், 1967இல் நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்தின் முன்னோடி சிசிலி சாண்டர்ஸ் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கியதிலிருந்து. கூட்டம் பாருக்குப் போக நெளியும். இரவுப் பணி நர்ஸ் ஒருவர் மூன்று நிமிடம், கடைசிப் பகுதிக்குச் சற்று முன்பு, ஓர் இரவுக்கு என்ன செலவாகிறது என்று சொல்வது எத்தனையோ மேல். இங்கிலாந்தில் ஹாஸ்பிஸ் சேவை நோயாளிக்கு முற்றிலும் இலவசம், ஆனால் பெரியவர்களுக்கான ஹாஸ்பிஸ் செலவில் அரசு தருவது தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான். மீதி பழைய பொருள் கடைகள், உயில்கள், இப்படிப்பட்ட மாலைகள். லண்டனில் ஹாரோ பக்கத்துத் தமிழர்களுக்குச் செயின்ட் லூக்ஸ் ஹாஸ்பிஸின் கடைகள் பழக்கமாயிருக்கும். அவற்றின் பின்னாலும் இதே கணக்குதான்.

விளம்பரத்தில் ‘புதிய படுக்கைகளுக்காக’ என்று போடுவது கவர்ச்சியாக இருக்கும். எங்கள் கருத்தில் அது தவறு. அப்படிச் சொல்லி வாங்கிய பணத்தைச் சட்டப்படி அதற்கு மட்டுமே செலவழிக்க முடியும். நர்ஸ் சம்பளத்துக்குப் பஞ்சம் வந்தாலும் அதைத் தொட முடியாது. தேவையும் மாறும். 1996ஐ ஒட்டி எய்ட்ஸைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துகள் வந்ததும் லைட்ஹவுஸில் தங்கும் படுக்கைகளின் அவசியம் குறைந்தது, பிறகு அது எய்ட்ஸ் தொண்டு அமைப்பான டெரன்ஸ் ஹிக்கின்ஸ் டிரஸ்ட்டோடு இணைந்தது. அந்தக் கட்டடத்தில் இன்று மியூசியம் ஆஃப் பிராண்ட்ஸ் இருக்கிறது. ‘ஹாஸ்பிஸின் பொதுப் பணிகளுக்கு’ என்று போட்டால் போதும்.

இந்த வடிவத்தின் உண்மையான பலவீனம், எல்லாம் ஒரே ஆளின் உடம்பை நம்பியிருப்பது. 2024 ஜூனில் லண்டன் நோயல் கவர்ட் தியேட்டரில் ஒரு நாடகத்தின் நடுவே மெக்கெல்லன் மேடையிலிருந்து விழுந்தார், அப்போது வயது 85. நாடகக் குழுவில் மாற்று நடிகர் இருந்தார். தனிநிகழ்ச்சியில் யார் இருப்பார்? அரங்க ஒப்பந்தத்திலேயே மாற்றுத் தேதி ஒன்றை எழுதி வாங்குங்கள். ரத்தானால் பணத்தைத் திருப்பித் தருவதோடு, ‘நன்கொடையாக விட்டுவிடுகிறேன்’ என்ற தேர்வையும் மின்னஞ்சலில் கொடுங்கள். அப்படி எழுத்தில் விட்டுக்கொடுத்தது நன்கொடைதான், கிஃப்ட் எய்டும் பெறலாம். மேடை விளிம்பில் வெள்ளை நாடா, படிகளில் கைப்பிடி, பக்கத்தில் தண்ணீர் ஆகியவற்றை நடிகர் கேட்காவிட்டாலும் வைத்துவிடுங்கள்.

டிக்கெட் வாங்குபவர் பார்க்க வேண்டியது இரண்டே. சீட்டிலோ இணையப் பக்கத்திலோ ஹாஸ்பிஸின் அறக்கட்டளைப் பதிவு எண் இருக்கிறதா? நடத்துவது தனியார் நிறுவனமானால், எவ்வளவு பணம் ஹாஸ்பிஸுக்குப் போகிறது என்று போட்டிருக்கிறதா? அதை அறிவிப்பது அவர்களின் சட்டக் கடமை. அந்தத் தொகை எங்கும் கண்ணில் படவில்லை என்றால் அந்த டிக்கெட்டை வாங்காமல், அதே காசை ஹாஸ்பிஸுக்கு நேரடியாக அனுப்பிவிடலாம்.