காளான் கம்மீஸ், கேப்ஸ்யூல், பொடி, டிங்சர்: எதில் எவ்வளவு உள்ளே போகிறது?

லயன்ஸ் மேன், ரெய்ஷி, கார்டிசெப்ஸ், சாகா, டர்க்கி டெயில். இந்த ஐந்து காளான்களில் ஒன்றையோ எல்லாவற்றையுமோ சேர்த்த கம்மீஸ் (மெல்லும் ஜெல்லி மிட்டாய்) டப்பாக்கள் ஆன்லைன் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. கவனம் கூடும், தூக்கம் வரும், எதிர்ப்புச் சக்தி ஏறும் என்று மேலே எழுதியிருக்கும். இதே காளான்கள் கேப்ஸ்யூலாகவும் பொடியாகவும், ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த டிங்சராகவும் கிடைக்கின்றன. எது நல்லது என்று கேட்டால், சுவையையும் வசதியையும் பேசுவதற்கு முன் அளவைப் பேசியாக வேண்டும்.

லயன்ஸ் மேனையே எடுத்துக்கொள்வோம். இதற்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது 2009-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு. 50 முதல் 80 வயது வரையிலான, லேசான நினைவாற்றல் குறைவு உள்ள 30 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஒரு பாதிக்குக் காளான் மாத்திரை, மறுபாதிக்குப் போலி மாத்திரை. 250 மில்லிகிராம் மாத்திரை நான்கு, நாளுக்கு மூன்று வேளை, 16 வாரங்கள். அதாவது நாளொன்றுக்கு 3 கிராம். மனத்திறன் சோதனையில் காளான் எடுத்தவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. நிறுத்திய நான்கு வாரத்தில் இறங்கிவிட்டது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் அளவைத் தெளிவாகச் சொல்கிறது.

இப்போது கம்மீஸுக்கு வருவோம். ஒரு கம்மி 3 முதல் 4 கிராம் எடை இருக்கும். அதில் 2 கிராமுக்கு மேல் சர்க்கரையும் குளுக்கோஸ் சிரப்பும்தான். காளான் 250 மில்லிகிராம் இருக்கலாம், தாராளமாகப் போட்டால் 500. அந்த 3 கிராமை எட்ட 500 மில்லிகிராம் கம்மி ஆறு தின்ன வேண்டும்; கூடவே 12 கிராமுக்கு மேல் சர்க்கரை. கூடுதல் சர்க்கரையை நாளுக்கு 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. அதில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். டப்பாவிலோ ‘நாளுக்கு இரண்டு’ என்று இருக்கும். அந்த இரண்டில் ஆய்வில் கொடுத்த அளவில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

ஏன் அதிகம் போடுவதில்லை? போட முடியாது என்பதுதான் உண்மையான காரணம். பெக்டின் (பழங்களிலிருந்து எடுக்கும் உறைபொருள்) கம்மி உறைய வேண்டுமானால் கரைசலில் திடப்பொருள் 75 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், புளிப்பும் சரியாக அமைய வேண்டும். அதில் காளான் பொடியைக் கூட்டினால் அது தண்ணீரை உறிஞ்சிக் கூழைக் கெட்டியாக்கும். அச்சில் ஒழுங்காக விழாது. விழுந்தாலும் கடிக்கும்போது மணல் மாதிரி நரநரக்கும். சில நாளில் நீர் கசியும். பொடி தொட்டியின் அடியில் தங்கினால் முதலில் ஊற்றியதற்கும் கடைசியில் ஊற்றியதற்கும் அளவு மாறும். ரெய்ஷியில் இன்னொரு சிக்கல்: அதன் முக்கியப் பொருள்களில் ஒன்றான டிரைடெர்பீன்கள்தான் கசப்பு. கொஞ்சமும் கசக்காத ரெய்ஷி கம்மியில் அவை நல்ல அளவில் இருக்கின்றன என்று நம்ப இடமில்லை.

கேப்ஸ்யூலுக்கு இந்தத் தொல்லைகள் கிடையாது. ‘சைஸ் 0’ கேப்ஸ்யூல் ஒன்றில் ஏறக்குறைய 500 மில்லிகிராம் பொடி போகும். சர்க்கரை இல்லை, புளிப்பு இல்லை, கசப்பு நாக்கில் படாது. தாவர ஓடு கொண்டதும் கிடைக்கிறது. மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது. அவர்களுக்கும் கம்மீஸைவிடப் பொடியே மேல். கிராமின் பின்னத்தையும் காட்டும் சிறு தராசில் ஒரு வேளைக்கு ஒன்று, ஒன்றரை கிராம் நிறுத்து வெந்நீரிலோ காபியிலோ கலந்தால் போதும். கரண்டி அளவை நம்பாதீர்கள். சாறெடுத்து உலர்த்திய நைசான எக்ஸ்ட்ராக்ட் பொடியும் கொரகொரப்பான காளான் பொடியும் ஒரே கரண்டியில் ஒரே எடை இருக்காது. மழைக்காலத்தில் பொடி ஈரம் இழுத்துக் கட்டியாகும் என்பதால் ஈரக் கரண்டி உள்ளே போகக்கூடாது.

டிங்சர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆல்கஹாலில் டிரைடெர்பீன்கள் நன்றாக இறங்கும். காளானின் செல் சுவரில் உள்ள நார்ச்சத்தான பீட்டா குளுக்கான் இறங்காது, ஆல்கஹால் கூடினால் வீழ்படிவாகிவிடும். ஒரு மில்லி டிங்சரில் திடப்பொருள் மிகக் குறைவு. விலைக்குத் தகுந்த பொருள் இல்லை என்பதே எங்கள் முடிவு.

வடிவம் எதுவானாலும் லேபிளில் நான்கு இடங்களில் கண் வைக்க வேண்டும்.

முதலாவது, ‘2500 மில்லிகிராமுக்குச் சமம்’ என்ற வரி. 10-க்கு 1 எக்ஸ்ட்ராக்ட் (பத்து கிராம் காளானை ஒரு கிராமாகச் சுருக்கியது) 250 மில்லிகிராம் போட்டுவிட்டுப் பத்தால் பெருக்கிய எண் அது. உள்ளே இருப்பது 250 தான். அந்த விகிதம் தரத்தையும் சொல்லாது. உதாரணத்துக்கு, லயன்ஸ் மேனின் முக்கியப் பொருள்களான ஹெரிசெனோன்கள் கொழுப்பில் கரைபவை. வெந்நீர் மட்டும் கொண்டு எடுத்த எக்ஸ்ட்ராக்டில் எத்தனை மடங்கு செறிவூட்டினாலும் அவை பெரிதாக வராது.

இரண்டாவது, ‘10 காளான் கலவை, 1000 மில்லிகிராம்’. சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 100. தனித்தனி அளவு போடாத கலவையை வாங்கவே வேண்டாம்.

மூன்றாவதுதான் பலரும் ஏமாறும் இடம்: ‘பாலிசாக்கரைடு 40 சதவீதம்’. பாலிசாக்கரைடு என்றால் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி; மாவுச்சத்தும் அதில் ஒன்றுதான். அரிசி, ஓட்ஸ், சோளத்தில் காளானின் வேர் போன்ற பூசண இழையை வளர்த்து, தானியத்தோடு சேர்த்து அரைத்து விற்கும் பொடியில் அந்த எண் உயரமாகவே காட்டும். கேட்க வேண்டியது பீட்டா குளுக்கான் எவ்வளவு என்று. இழை என்பதாலேயே அது மட்டம் என்று சொல்லவில்லை. ஜப்பானில் 1970-களிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சையில் துணை மருந்தாகப் பயன்பட்ட பி.எஸ்.கே. என்ற பொருள் டர்க்கி டெயிலின் இழையிலிருந்து எடுத்ததுதான். குறை, பிரிக்காமல் விட்ட தானியத்தில் இருக்கிறது.

பொடியையோ கேப்ஸ்யூலின் உள்பொருளையோ வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். கால் தேக்கரண்டியை அரை டம்ளர் வெந்நீரில் கலக்கி, முழுதாக ஆற விடுங்கள். சூட்டில் நிறம் தெரியாது. தெளிந்த நீரில் காயத்துக்குப் போடும் பொவிடோன் அயோடின் இரண்டு சொட்டு விடுங்கள். கருநீலமானால் மாவுச்சத்து நிறைய. ரெய்ஷி, சாகா எக்ஸ்ட்ராக்ட் தாமே அடர் பழுப்பு என்பதால் நன்றாக நீர்த்துப் பாருங்கள். கம்மீஸுக்கு இது செல்லாது. கம்மீஸை மாவு அச்சில் ஊற்றுவதும் கூழில் ஸ்டார்ச் சேர்ப்பதும் உண்டு.

நான்காவது, ஆய்வகச் சான்று. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்த 19 ரெய்ஷி தயாரிப்புகளைச் சோதித்தார்கள். லேபிளுக்கு ஏற்ப உண்மையான ரெய்ஷி என்று உறுதியானவை ஐந்துதான். நீங்கள் வாங்கும் தயாரிப்புத் தொகுதிக்கான (பேட்ச்) பீட்டா குளுக்கான், காரீயம், ஆர்செனிக், காட்மியம் அளவுகள் உள்ள சான்றைக் கேளுங்கள். தராதவரிடம் வாங்காதீர்கள். இந்தியாவில் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க உரிம எண்ணும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வரியும் இருக்கின்றனவா பாருங்கள். சைவர்கள் பச்சைப் புள்ளியைப் பார்க்க வேண்டும். பல கம்மீஸிலும் கேப்ஸ்யூல் ஓட்டிலும் இருக்கும் ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருகிறது.

விலையை டப்பாவுக்கு அல்ல, கிராமுக்குக் கணக்கிடுங்கள். ஒரு பேச்சுக்கு, 1200 ரூபாய் டப்பாவில் 250 மில்லிகிராம் கம்மி 60 என்றால் மொத்தம் 15 கிராம். கிராமுக்கு 80 ரூபாய். 1500 ரூபாய்க்கு 50 கிராம் பொடி என்றால் கிராமுக்கு 30. கையில் கொடுப்பது கூடுதலாக இருந்தாலும் பொடிதான் மலிவு.

வெயில் ஊர்களில் கம்மீஸுக்கு இன்னொரு குறையும் உண்டு. ஜெலட்டின் 35 டிகிரியை ஒட்டியே இளகும். மே மாதம் கூரியர் வண்டியில் வந்த டப்பாவைத் திறந்தால் எல்லாம் ஒரே கட்டியாக இருக்கும். அதை வெட்டித் தின்றால் ஒரு துண்டில் எவ்வளவு காளான் என்று யாராலும் சொல்ல முடியாது. பெக்டின் சூட்டைத் தாங்கும். சர்க்கரை இல்லாத வகையில் மால்டிடால், சார்பிடால் போன்ற சர்க்கரை மாற்றுகள் இருந்தால் நாலைந்து கம்மியிலேயே சிலருக்கு வயிறு பொருமும், பேதியாகும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை கம்மீஸின் பெரிய ஆபத்து அதன் உருவமே. குழந்தைக்கு அது மிட்டாய். பூட்டி வையுங்கள். ‘மூளைக்கு நல்லது’ என்று பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் கூடாது. பெரியவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: 2024-இல் அமெரிக்காவில் டயமண்ட் ஷ்ரூம்ஸ் என்ற பெயரில் விற்ற சாக்லேட், கோன், கம்மீஸ் ஆகியவற்றால் 34 மாநிலங்களில் 180 பேர் பாதிக்கப்பட்டார்கள், 73 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சோதனையில் மஸ்சிமோல் போன்ற போதைப் பொருள்கள் இருந்தன. எந்தக் காளான் என்று இனப்பெயர் போடாமல் ‘மனநிலை மாறும்’ என்று மட்டும் சொல்லும் பொட்டலத்தைத் தொட வேண்டாம்.

நேர்மையான சரக்கும் எல்லோருக்கும் ஆகாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், குளோபிடோக்ரெல் மருந்துகள் எடுப்பவர்களுக்கு ரெய்ஷி ரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் எதையும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. சாகாவில், சிறுநீரகத்தில் கல்லாகப் படியும் ஆக்ஸலேட் மிக அதிகம். மாதக்கணக்கில் நாளுக்கு நாலைந்து தேக்கரண்டி சாகா பொடி எடுத்த ஜப்பானிய மூதாட்டி ஒருவருக்குச் சிறுநீரகமே செயலிழந்தது 2014-இல் பதிவாகியிருக்கிறது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் சாகாவை விட்டுவிடுங்கள்.

குறிப்பிட்ட நோக்கம் ஒன்றுமில்லை, பொதுவான ஆரோக்கியம்தான் வேண்டும் என்றால், காளானைச் சமைத்தே சாப்பிடலாம். சிப்பிக் காளானும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏ.பி.கே. 2 என்ற ரகமாகத் தந்த பால் காளானும் நம் சந்தையிலேயே கிடைக்கின்றன. சமைக்கும் முன் மெல்லிய துண்டுகளாக நறுக்கி, உச்சி வெயிலில் பரப்பி அரை மணி நேரம் வைத்தால் 100 கிராமில் 10 மைக்ரோகிராம் அளவுக்கு வைட்டமின் டி2 உருவாகும். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே வைத்தால் உருவாகாது. தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காளானின் செல் சுவரில் எளிதில் செரிக்காத கைட்டின் இருப்பதால் பச்சையாகத் தின்னாமல் நன்றாக வதக்கி, மென்று சாப்பிடுங்கள். வதக்கும்போது விடும் நீரைக் கொட்டாமல் அதிலேயே சுண்ட வையுங்கள்.