கவிழும் ஹெலிகாப்டரிலிருந்து வெளியேறக் கற்பது: வெப்பமண்டல போசியெட் பயிற்சி பற்றி ஒரு மதிப்புரை

கடலில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் ரிக்குகளுக்கும் பிளாட்பார்ம்களுக்கும் வேலைக்குச் செல்பவர் வெல்டராக இருந்தாலும், ஃபிட்டராக இருந்தாலும், சமையல் பிரிவில் இருந்தாலும், ஏஜென்ட் அவரிடம் முதலில் கேட்கும் காகிதங்களில் ஒன்று போசியெட் சான்றிதழ். ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஓபிட்டோ அமைப்பு வகுத்த பயிற்சி இது. ஹெலிகாப்டர் விபத்திலிருந்து தப்புவது, கடலில் உயிர்பிழைத்திருப்பது, முதலுதவி, தீயணைப்பு ஆகியவற்றை மூன்று நாட்களில் கற்பிக்கிறார்கள். சான்றிதழ் 4 ஆண்டுகளுக்குச் செல்லும். காலாவதியாகும் முன் ஃபோயெட் எனப்படும் ஒரு நாள் பயிற்சியால் அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். வட கடல் போன்ற குளிர்ந்த கடல்களுக்கு ஒரு வகையும், நம் பக்கத்துக் கடல்களைப் போன்ற வெதுவெதுப்பான நீருக்கென்று வெப்பமண்டல வகை ஒன்றும் உள்ளன. இங்கு நான் மதிப்பிடுவது இரண்டாவதை. நான் பயின்ற மையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. அங்கீகாரம் பெற்ற எல்லா மையங்களுக்கும் பாடத்திட்டம் பொது என்பதால், அதன் நிறைகுறைகளை அறிவதே இப்பயிற்சிக்குச் செல்ல இருப்பவருக்குப் பயன்படும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று நாட்களில் நீச்சல் குளத்து ஹெலிகாப்டர் பயிற்சிக்குச் செலவாகும் சில மணி நேரம் மட்டுமே கட்டணம் முழுவதற்கும் தகும். ஆனால் அந்தச் சில மணி நேரத்தில் கைகள் பழகிக்கொண்டதை அடுத்த 4 ஆண்டுகளுக்குக் காப்பாற்றித் தர இந்தத் திட்டத்தில் எந்த ஏற்பாடும் இல்லை. அந்தப் பொறுப்பு பயணியின் மீதே விழுகிறது. அதை யாரும் அவருக்குத் தெளிவாகச் சொல்வதுமில்லை.

இப்பயிற்சி ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு ஹெலிகாப்டரின் அமைப்பே காரணம். 1974இல் கண்டுபிடிக்கப்பட்ட மும்பை ஹை எண்ணெய் வயல் கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கு பணிக்குச் செல்பவர்கள் மும்பையின் ஜூஹு விமானத் தளத்திலிருந்து கடலுக்கு மேலாகப் பறந்து போகிறார்கள். ஹெலிகாப்டரின் எஞ்சின்களும் கியர் பாக்ஸும் கூரைக்கு மேல் இருப்பதால் எடை தலைப்பக்கம் திரண்டிருக்கிறது. கடலில் இறங்க நேர்ந்தால் பக்கவாட்டு மிதவைகள் விரிந்து தாங்க வேண்டும்; அவை விரியாவிட்டாலோ, விரிந்தும் அலை பெரிதாக இருந்தாலோ, ஹெலிகாப்டர் தலைகீழாகப் புரண்டுவிடும். நீரில் மோதிய அதிர்ச்சியைத் தாங்கிய பிறகும், வெளியேற முடியாமல் உள்ளேயே மூழ்கி இறப்பதுதான் இத்தகைய விபத்துகளின் பெருந்துயரம். 2013 ஆகஸ்ட் 23 அன்று ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் உள்ள சம்பர்க் விமான நிலையத்தை நெருங்கிய சூப்பர் பூமா ஹெலிகாப்டர் ஒன்று கடலில் விழுந்து கவிழ்ந்ததில், அதிலிருந்த 18 பேரில் 4 பேர் இறந்தனர். 2022 ஜூன் 28 அன்று மும்பைக் கடலில் சாகர் கிரண் ரிக்கை அடையும் தறுவாயில் நீரில் இறங்கிய ஹெலிகாப்டரில் இருந்த 9 பேரில் 4 பேரை நாம் இழந்தோம். அந்தச் செய்தி வந்த நாளில் கடலில் வேலை செய்பவர்களின் வீடுகளில் தொலைபேசி ஓயவில்லை.

இனி குளத்துக்கு வருகிறேன். கிரேனில் தொங்கும் ஒரு கூண்டில் இருக்கைகளும், தோள்களையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டும் நான்கு முனை பெல்ட்டுகளும், தள்ளினால் கழன்றுவிடும் ஜன்னல்களும் பொருத்தப்பட்டிருக்கின்றன. வெளியேறும் வரிசையைக் கரையிலேயே சொல்லித் தருகிறார்கள்: எச்சரிக்கை வந்ததும் குனிந்து உடலை இறுக்கிக்கொள், மோதல் முடிந்ததும் ஜன்னல் பக்கத்துக் கையால் விளிம்பைத் தேடிப் பிடி, மற்றக் கையை பெல்ட்டின் பக்கிள் மேல் வை, கூண்டில் நீர் நிறைந்து அசைவு அடங்கும் வரை காத்திரு, ஜன்னலைத் தள்ளிவிட்டு விளிம்பைப் பிடித்துக்கொள், அதன் பிறகே பெல்ட்டைக் கழற்று. பெல்ட்டை ஏன் கடைசியில் கழற்ற வேண்டும் என்பது நீருக்குள் போனால்தான் விளங்குகிறது. பெல்ட் உடலை இருக்கையோடு பிடித்துக்கொண்டிருக்கும் வரைதான் ஜன்னலைத் தள்ளுவதற்குக் கைக்கு வலு கிடைக்கிறது. முன்கூட்டியே கழற்றியவர் மிதந்து போய், தலைகீழான கூண்டின் தரைப்பகுதியில் முட்டிக்கொண்டு, எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் தவிப்பார்.

கூண்டு இறங்கும்போது நீர் முழங்காலுக்கு வந்து, மடியில் ஏறி, நெஞ்சைத் தொடும் நேரத்தில் கடைசி மூச்சை இழுத்துக்கொள்கிறோம். புரளும் கணத்தில் மூக்கு வழியாக நீர் ஏறி நெற்றிக்குப் பின்னால் சுரீரென்று எரிகிறது. குமிழிகள் முகத்தை மூடுகின்றன. மேலும் கீழும் குழம்பிப் போகின்றன. அந்த நேரத்தில் கண்ணை நம்ப முடியாது. விரல்களுக்குள் இருக்கும் ஜன்னல் விளிம்பு ஒன்றுதான் வெளியே போகும் வழி எது என்று சொல்கிறது. எனக்கு அடுத்த இருக்கையில் இருந்தவர் நல்ல நீச்சல்காரர், கடலோர ஊர்க்காரர். கூண்டு புரளத் தொடங்கியதும் அவர் கை விளிம்பை விட்டுவிட்டது. கண் திறந்திருந்தும், ஜன்னல் ஒரு முழத் தொலைவில் இருந்தும், அவர் முன்னிருக்கையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பாதுகாப்புக்கு நின்ற முக்குளிப்பவர் அவர் தோளைத் தொட்டு வெளியே இழுத்து வந்தார். அடுத்த சுற்றில் கையை விடாமல் இருந்து அவரே வெளியேறினார். நீச்சல் தெரிவது இதற்குப் போதுமானதல்ல என்பதை எந்தப் பாடநூலும் இவ்வளவு விரைவாகப் புரியவைக்காது.

எங்கள் பயிற்சியாளர் செய்த ஒன்றை எல்லா மையங்களும் பின்பற்றலாம். குளத்தில் இறங்குவதற்கு முன், உலர்ந்த இருக்கையில் எங்களைக் கண்ணை மூடி உட்காரவைத்து, விளிம்பு, பக்கிள், விளிம்பு, பக்கிள் என்று கை தானாகப் போகும் வரை திரும்பத் திரும்பத் தேடவைத்தார். தயங்கியவர்களை அவசரப்படுத்தவும் இல்லை, மற்றவர்கள் முன் கூச்சப்படவைக்கவும் இல்லை. நீருக்குப் பயந்தவர்கள் அன்று மாலை தேறியதற்கு அவர் காட்டிய பொறுமையே காரணம்.

குறைகளில் பெரியது, பயிற்சிக்கும் உண்மைக்கும் இடையே உள்ள தூரம். எங்கள் பயிற்சியில் ஜன்னலைத் தள்ளிப் பழகியது கூண்டு நிமிர்ந்த நிலையில் மூழ்கிய சுற்றுகளில் மட்டுமே. முழுவதும் கவிழ்ந்த சுற்றில் ஜன்னல் பொருத்தப்படவில்லை, திறந்த சட்டத்தின் வழியாகவே வெளியேறினோம். தலைகீழாகத் தொங்கும்போது ஜன்னலைத் தள்ளுவதே மிகக் கடினமான செயல், அதுவே விடுபட்டுப் போனது. குளத்து நீர் தெளிவாகவும் வெதுவெதுப்பாகவும் அசைவற்றும் இருந்தது, விளக்குகள் எரிந்தன. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான அரபிக் கடல் அப்படி இருப்பதில்லை. சில ஹெலிகாப்டர்களில் ஜன்னலைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையை முதலில் இழுத்து உருவிய பிறகே தள்ள முடியும். கூண்டின் ஜன்னல் வெறும் தள்ளலுக்கே கழன்றுவிடுகிறது. எந்த ஹெலிகாப்டரில் எந்த வகை ஜன்னல் வருகிறது என்று ஒரு மாதிரியையாவது கையில் கொடுத்துக் காட்டியிருக்கலாம்.

அழுத்தப்பட்ட காற்றைக் கொண்ட சிறிய மூச்சுக் கருவி பற்றியும் பேச வேண்டும். சம்பர்க் விபத்துக்குப் பின் 2014இல் பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் இந்த வகைக் கருவியைப் பயணிகளுக்கு வலியுறுத்தியது. அது இல்லாதவர்கள் தள்ளித் திறக்கும் ஜன்னலை ஒட்டிய இருக்கையில் மட்டுமே அமரலாம் என்றும் விதித்தது. 2015 முதல், தோள் அகலம் 55.9 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ளவர்களை அளந்து, அவர்கள் உடல் நுழையும் அளவுள்ள ஜன்னலுக்கு அருகே உட்காரவைக்கும் முறையும் அங்கே வந்தது. தன் தோள் நுழையாத ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒருவரை உட்காரவைப்பது எவ்வளவு பெரிய அநீதி என்பதை அந்த ஒரு விதி காட்டுகிறது. நான் எடுத்த வெப்பமண்டலப் பயிற்சியில் மூச்சுக் கருவி இல்லை. உங்கள் நிறுவனம் ஹெலிகாப்டரில் அக்கருவியைத் தருகிறது என்றால், அதற்கான பயிற்சி சேர்ந்த வகையையே கேட்டு வாங்குங்கள். பழகாத கருவியை நீருக்குள் முதன்முதலாக வாயில் வைத்துப் பார்ப்பது ஆபத்தானது.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது மொழி. வகுப்பு ஆங்கிலத்திலும் இந்தியிலும் நடந்தது. தூத்துக்குடியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வந்திருந்த சாரம் கட்டும் தொழிலாளர்கள் சிலருக்கு இரண்டும் அரைகுறை. இடைவேளையில் அவர்களுக்கு விளக்கிச் சொன்னவர்கள் உடன் வந்த தமிழர்களே. லைஃப் ஜாக்கெட்டை ஹெலிகாப்டருக்கு வெளியே வந்த பிறகுதான் ஊத வேண்டும் என்ற விதியை ஒருவர் நேர்மாறாகப் புரிந்துகொண்டிருந்தார். உள்ளேயே ஊதினால் அது உடலை மேலே தூக்கிச் சிக்கவைத்துவிடும். 1996 நவம்பர் 23 அன்று கொமொரோஸ் தீவுக்கு அருகே கடலில் விழுந்த எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானத்தில், முன்கூட்டியே லைஃப் ஜாக்கெட்டை ஊதிக்கொண்ட பயணிகள் உள்ளே சிக்கி இறந்தார்கள். இவ்வளவு முக்கியமான ஒரு வரி, கேட்பவருக்குப் புரிந்ததா என்று சரிபார்க்கப்படாமல் கடந்து போகக் கூடாது. தமிழ்த் தொழிலாளர்களைக் கூட்டமாக அனுப்பும் ஒப்பந்ததாரர்கள் தமிழ் தெரிந்த பயிற்சியாளரைக் கேட்க வேண்டும். கட்டணம் செலுத்துபவர் கேட்டால் மையங்கள் ஏற்பாடு செய்யும்.

கடலில் உயிர்பிழைக்கும் பகுதி நிறைவாக இருந்தது. கவிழ்ந்த லைஃப் ராஃப்ட் எனும் காற்றடைத்த மிதவையைக் காற்றுக்கு முகம் காட்டி நின்று பட்டையைப் பிடித்து நிமிர்த்துவது, களைத்தவரை இருவர் சேர்ந்து உள்ளே இழுப்பது, நீரில் ஒருவரோடு ஒருவர் கைகோத்து வட்டமாக மிதப்பது ஆகியவற்றை எல்லோரும் செய்து பார்த்தோம். 2021 மே மாதம் டவ்தே புயலில் பி-305 என்ற பார்ஜ், அதாவது தொழிலாளர்கள் தங்கும் தட்டையான மிதவைக் கலம், மும்பைக்கு அப்பால் மூழ்கியபோது அதில் இருந்த 261 பேரில் 70க்கும் மேற்பட்டோர் இறந்தனர். லைஃப் ஜாக்கெட்டை மட்டும் நம்பிப் பல மணி நேரம் மிதந்தவர்களை ஐ.என்.எஸ். கொச்சி உள்ளிட்ட கடற்படைக் கப்பல்கள் மீட்டன. ஹெலிகாப்டரில் ஏறாமல் பார்ஜிலேயே தங்கி வேலை செய்பவருக்கும் இந்தப் பகுதி அவசியம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. தீயணைப்பும் முதலுதவியும் மற்ற தொழிற்சாலைப் பயிற்சிகளில் உள்ளவைதான். புகை நிறைந்த இருட்டறையில் புறங்கையால் சுவரைத் தடவி வழி தேடிய பயிற்சி மட்டும் தனித்து நின்றது.

கட்டணம் குறைவல்ல. நிறுவனம் செலுத்தினால் நல்லது. பல ஒப்பந்தத் தொழிலாளர்கள் தாங்களே செலுத்துகிறார்கள், சிலர் கடன் வாங்கியும் செலுத்துகிறார்கள். இந்த நெருக்கடியைப் பயன்படுத்தி, குளத்தில் இறங்காமலேயே சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். போலிச் சான்றிதழ்களைப் பற்றி ஓபிட்டோவே எச்சரித்திருக்கிறது. காகிதம் பிடிபட்டால் வேலை போகும் என்பது சிறிய இழப்பு; பிடிபடாமல் போனால், பெல்ட்டை எப்போது கழற்றுவது என்று தெரியாத ஒருவர் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்திருப்பார், அவருக்கு உள்பக்கம் இருப்பவரின் வழியும் அடைபடும். பணம் கட்டும் முன், மையம் அங்கீகாரம் பெற்றதா என்று ஓபிட்டோவின் பட்டியலில் பாருங்கள். ஒரு தொகுதியில் எத்தனை பேர், நீருக்குள் எத்தனை முக்குளிப்பவர்கள் நிற்பார்கள், கவிழ்ந்த நிலையில் ஜன்னலைத் தள்ளும் சுற்று உண்டா, தேவைப்பட்டால் கூடுதல் சுற்று தருவார்களா என்று கேளுங்கள். இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லாத மையத்தைத் தவிர்க்கலாம்.

பயிற்சிக்குச் செல்லும் நாளில் சளி, காதுவலி, சைனஸ் தொந்தரவு இருந்தால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். தலைகீழாக நீருக்குள் போகும்போது அவை பல மடங்கு துன்பம் தரும். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, வலிப்பு எதையும் மருத்துவப் படிவத்தில் மறைக்க வேண்டாம். சான்றிதழ் கைக்கு வந்த பிறகு, ஒவ்வொரு முறை ஹெலிகாப்டரில் அமரும்போதும் கிளம்புவதற்கு முன் கண்ணை மூடி ஜன்னல் விளிம்பையும் பக்கிளையும் கையால் தேடிப் பாருங்கள். இதற்கு அரை நிமிடம் போதும். பெல்ட் எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னலில் இழுக்கும் பட்டை உண்டா, நடு இருக்கையாக இருந்தால் எந்தப் பக்கம் யாருக்குப் பின்னால் வெளியேற வேண்டும் என்பதையும் அப்போதே முடிவுசெய்துகொள்ளுங்கள்.