சால்வென்ட் சிமெண்டா, எபாக்ஸியா?

பிளாஸ்டிக்கை ஒட்ட இரண்டும் உதவும், ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. சால்வென்ட் சிமெண்ட் உண்மையில் பசையே இல்லை. அதிலுள்ள கரைப்பான் (பிவிசி என்றால் பெரும்பாலும் டெட்ராஹைட்ரோஃபியூரான்) இரு பரப்புகளையும் இளக்குகிறது. அழுத்திப் பிடித்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கரைப்பான் ஆவியானதும் இரண்டு துண்டுகளும் ஒரே துண்டாகிவிடும். பிவிசி, ஏபிஎஸ் (ஒரு கடினமான பிளாஸ்டிக்), அக்ரிலிக் இவற்றுக்கு என் ஓட்டு இதற்குத்தான். சில நொடிகளில் பிடித்துக்கொள்ளும், ஆனால் முழு வலு வர ஒரு நாளாவது விடுங்கள். குழாயை ஒட்டிவிட்டு அவசரப்பட்டுத் தண்ணீர் திறந்தவர்களுக்கு இது தெரியும்! ஆவி தலைசுற்ற வைக்கும், தீயும் பற்றும். அதனால் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

எபாக்ஸி, ரெசின் என்ற பிசினும் அதை இறுக்கும் ஹார்டனரும் கலந்து இறுகும் பசை. பிளாஸ்டிக்கை உலோகத்தோடு சேர்க்கவோ, இணைப்பில் இடைவெளி இருந்தாலோ இதுதான் சரி. சால்வென்ட் இடைவெளியை நிரப்பாது. எபாக்ஸிக்கு முன் உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ள வேண்டும்.

பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் வாளி, டப்பா என்றால்? சால்வென்ட் கரைக்காது, சாதாரண எபாக்ஸியும் உரிந்து வரும். அப்புறம் சூடாக்கி உருக்கி ஒட்டுவதுதான் நல்ல வழி.