கார்-டியா, கார்-என்கேவா?

செல்லையே மருந்தாக்கும் சிகிச்சை என்றால் முதலில் வருவது கார்-டி. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களைப் பிரித்து, சில ரத்தப் புற்றுசெல்களின் மேலிருக்கும் சிடி19 புரதத்தைக் கண்டுபிடிக்கும் செயற்கை ஏற்பிக்கான (இதுதான் 'கார்', CAR) மரபணுவை ஏற்றித் திரும்ப உடலில் விடுகிறார்கள். 2017-ல் அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்தபோது விலை 4,75,000 டாலர். ஐஐடி பம்பாயில் உருவாகி 2023-ல் அனுமதி பெற்ற நம் நெக்ஸ்கார்19, அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். இருந்தாலும் ரூபாயில் லட்சக்கணக்கில்தான் வரும்.

ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாகத் தயாரிப்பதால்தான் இந்தச் செலவு. அடுத்தவருடைய டி செல்லை அப்படியே ஏற்றினால் அது நோயாளியின் தோலையும் குடலையும் தாக்கும். இயற்கைக் கொல்லி செல்லுக்கு, அதாவது என்கே செல்லுக்கு, பொதுவாக இந்தக் குணம் இல்லை. ஒரே தொப்புள்கொடி ரத்தப் பையிலிருந்து பல பேருக்கு மருந்து எடுக்கலாம்.

அமெரிக்காவின் ஹூஸ்டனிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் கேட்டி ரெஸ்வானி குழு அதைத்தான் செய்தது; இதுதான் கார்-என்கே. சிடி19-ஐக் கண்டுபிடிக்கும் ஏற்பியோடு, செல் சீக்கிரம் சாகாமலிருக்க இன்டர்லூக்கின்-15 என்ற புரதத்தின் மரபணுவையும் சேர்த்தார்கள். 2020-ல் வெளியான முடிவில் 11 பேரில் 8 பேருக்குப் பலன்; கார்-டியில் பயமுறுத்தும் சைட்டோகைன் புயல், அதாவது நோயெதிர்ப்பு அளவு மீறிப் பொங்குவது, யாருக்கும் வரவில்லை. ஆனால் 2024-ல் 37 பேரின் கணக்கு வந்தபோது பலன் பாதிக்குச் சற்றுக் கீழே இறங்கியிருந்தது. சின்ன ஆய்வின் பெரிய சதவீதத்தை நான் எப்போதும் கொஞ்சம் தள்ளி வைத்தே பார்ப்பேன்.

அந்த 37 பேர் ஆய்வில் எனக்குப் பிடித்த தகவல் வேறு. எடுத்த 24 மணி நேரத்துக்குள் உறைய வைத்த, உட்கரு கொண்ட சிவப்பணுக்கள் குறைவாக இருந்த பைகளிலிருந்து செல் பெற்றவர்களே நன்றாகத் தேறினார்கள். பிரசவ அறையிலிருந்து பை எப்போது கிளம்பியது என்பதுகூடக் கணக்கில் வருகிறது!

என்கேயின் இன்னொரு தலைவலியும் உறைபதனம்தான். திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்த குப்பியை 37 டிகிரி நீரில் உருக்கி எண்ணிப் பார்த்தால் பெரும்பாலான செல்கள் உயிரோடிருக்கும். புற்றுசெல்லோடு கலந்து விட்டால்தான் தெரியும், கொல்லும் வேகம் மந்தமாகிவிட்டது என்று. 'அலமாரியில் தயாராக இருக்கும் மருந்து' என்ற பேச்சு இங்கேதான் இடறுகிறது.

சரி, தொப்புள்கொடி இல்லாமல்? என்கே-92 என்ற செல்வரிசையை வேண்டிய அளவு வளர்க்கலாம். ஆனால் அது லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று வந்த ஒரு நோயாளியிடமிருந்து வந்தது, அதுவே புற்றுசெல். அதனால் அந்தச் செல்லுக்குக் கதிர்வீச்சு கொடுத்துத்தான் நோயாளிக்கு ஏற்ற வேண்டும். பிறகு அது உடலில் பெருகாது, சில நாள்தான் தாங்கும். தூண்டப்பட்ட ஸ்டெம் செல்லிலிருந்து, அதாவது எந்த வகைச் செல்லாகவும் மாறும்படி திருப்பப்பட்ட சாதாரண செல்லிலிருந்து, என்கேயை வளர்ப்பது இதைவிட நல்ல வழி. ஒரே செல்லைத் திருத்திப் பெருக்குவதால் எல்லாக் குப்பியும் ஒரே மாதிரி இருக்கும்.

கட்டிப் புற்றுகளில் கார்-டி, கார்-என்கே இரண்டுமே இன்னும் தடுமாறுகின்றன. லிம்போமா திரும்பி வந்த ஒருவர், உடலில் தெம்பும் சில வாரம் காத்திருக்க நேரமும் உள்ளவர், என்னிடம் கேட்டால் இன்றைக்குக் கார்-டி என்பேன். பல வருடம் நோயில்லாமல் இருப்பவர்களை அதுதான் காட்டியிருக்கிறது. காத்திருக்க முடியாதவர் என்றால், பக்கத்தில் கார்-என்கே பரிசோதனை ஏதும் நடக்கிறதா என்று மருத்துவரிடம் விசாரிக்கச் சொல்வேன்.