திறந்த ஹாலில் மிக்ஸிங்: ஃபோமா, ராக்வூலா, மென்பொருளா, ஹெட்போனா?

ஹாலும் டைனிங்கும் ஒன்றாகத் திறந்து கிடக்கும் ஃபிளாட். ஒரு ஓரமாக மேசை, இரண்டு மானிட்டர் ஸ்பீக்கர்கள், கம்ப்யூட்டர். பதிந்த குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்து ஒன்றாகக் கலப்பதுதான் மிக்ஸிங்; வீட்டிலேயே பாட்டு மிக்ஸ் செய்யும் பலருக்கு வாய்த்த ஸ்டுடியோ இதுதான். வாடகை வீடென்றால் ஆணி அடிக்கவும் யோசிக்க வேண்டும். இவர்களுக்கென்று விற்கப்படும் பொருட்கள் எல்லாமே அறை ஒலியை மாற்றிக் காட்டுவதைச் சரிசெய்துவிடும் என்றுதான் சொல்லப்படுகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் செய்கிற வேலை வேறு.

இவை எதுவும் சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போவதைத் தடுக்காது. அது கட்டுமான வேலை, அதன் செலவும் தனி.

திறந்த ஹால் என்றாலே மோசம் என்று பலர் நினைக்கிறார்கள். சுவரில்லாத பக்கம் போன ஒலி உடனே திரும்பி வராது, அது நல்லதுதான். 1890களில் ஹார்வர்டில் ஒரு விரிவுரை மண்டபத்தின் எதிரொலியைச் சரிசெய்ய வேண்டிவந்த இயற்பியலாளர் வாலஸ் சபைன், இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி அளந்தார். ஒரு பொருள் எவ்வளவு ஒலியை உறிஞ்சுகிறது என்பதற்கு அவர் வைத்த அளவுகோலே திறந்த ஜன்னல்தான்.

தொல்லை எங்கே என்றால், ஒரு பக்கம் மட்டும் திறந்திருப்பதில். இடது காதுக்கு மூன்றடியில் சுவர், வலது பக்கம் டைனிங் டேபிள் வரை ஒன்றுமில்லை. இடது ஸ்பீக்கரின் ஒலி சுவரில் பட்டுச் சேர்ந்து வருவதால் நடுவில் நிற்க வேண்டிய குரல் இடப்பக்கம் சாய்கிறது. அதைச் சரிக்கட்ட நீங்கள் வலப்பக்கம் தள்ளுவீர்கள், நண்பரின் காரில் போட்டால் பாடகர் வலது கதவோரம் உட்கார்ந்திருப்பார். ஆகவே முதல் வைத்தியத்துக்குக் காசே வேண்டாம். மேசையைத் திருப்பி, ஒரு சுவரைப் பார்த்து உட்கார்ந்து, திறந்த பக்கம் முதுகுக்குப் பின்னால் வருமாறு வையுங்கள். இடதும் வலதும் ஓரளவு ஒன்றுபோல் ஆகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

இனி கடைச் சரக்கு. மலிவாகக் கிடைப்பதும் படத்தில் ஸ்டுடியோ மாதிரி தெரிவதும் முக்கோண முக்கோணமாக வெட்டிய ஒரு அங்குல ஃபோம். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 34 செ.மீ., 100 ஹெர்ட்ஸுக்கு அது 3.4 மீட்டர். அலை நீள நீள அதைப் பிடிக்கக் கனமும் கூட வேண்டும். ஆகவே ஒரு அங்குல ஃபோம் மேல் ஸ்தாயியைத்தான் பிடிக்கும், பேஸ் எனும் கீழ் ஸ்தாயி அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். சுவர் முழுக்க ஒட்டினால் அறை மந்தமாகும், கீழே முழக்கம் அப்படியே இருக்கும். மந்தமாகக் கேட்கிறதே என்று நீங்கள் ட்ரெபிளை ஏற்றுவீர்கள், வெளியே அந்தப் பாட்டு காதைக் கிழிக்கும். இன்னொன்று, நெருப்பு. 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு இரவு விடுதிச் சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில் வாணவேடிக்கைப் பொறி பட்டு 100 பேர் இறந்தார்கள். சமையலறையும் சேர்ந்தே திறந்திருக்கும் ஹாலில் எந்த ஃபோம் என்று தெரியாமல் ஒட்டுவதை நான் ஏற்க மாட்டேன். சிலர் சுவரில் ஒட்டும் முட்டை அட்டையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ராக்வூல், அதாவது கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு, அடைத்த பேனல் வேறு ரகம். இரண்டு அங்குல ஸ்லாப் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 10 செ.மீ. கனம் கிடைக்கும். நான்கடிக்கு இரண்டடி அளவில், கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியில், ராக்வூல் மட்டும் மூன்றரை கிலோ வரும். மரச் சட்டம் அடித்து, துணி போர்த்தி, கீழே இரண்டு கால் வைத்தால் ஆணியே வேண்டாம். வேலை முடிந்ததும் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம், விருந்தாளி வந்தாலும் சங்கடமில்லை. துணி வாங்கும்போது வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், காற்று தாராளமாகப் போக வேண்டும். ரெக்ஸின் போர்த்தினால் மேல் ஸ்தாயி உள்ளே போகாமல் திரும்பிவிடும். ஸ்லாப் வெட்டும்போது கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம், அந்த இழை பட்டால் அரிக்கும்.

எங்கே நிறுத்துவது? நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள், ஒருவர் சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்தட்டும். எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே ஒரு பேனல். மேசையைத் திருப்ப வழியே இல்லை என்றால் சுவர் உள்ள பக்கம் மட்டும் பேனல் வைத்து, அந்தச் சுவரையும் திறந்த பக்கம் போல ஆக்கப் பாருங்கள். பேஸ் அப்போதும் முழுதாகச் சமமாகாது. பின்னால் கை அகலம் இடைவெளி விட்டால் பேனல் இன்னும் கீழே வரை பிடிக்கும்.

சோபா, கனத்த திரை, நிமிர்த்தி வைத்த இலவம்பஞ்சு மெத்தை ஆகியவற்றை ஏளனம் செய்ய வேண்டாம். பெரிய துணி சோபா ஒன்று அந்த ஒரு அங்குல ஃபோமைவிடக் கீழே வரை வேலை செய்யும். என்ன, கணக்காக வைக்க முடியாது.

அறைத் திருத்த மென்பொருளை கடைசியில்தான் வைப்பேன். சவுண்ட்ஐடி ரெஃபரன்ஸ் போன்றவை மைக்கால் அளந்து ஈக்யூவை, அதாவது எந்த ஸ்தாயி எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்ற அளவை, திருத்தும். தூக்கலாக நிற்கும் பேஸை அடக்க அது நல்ல கருவி. ஒரு ஸ்தாயி மட்டும் அமுங்கிப்போகும் பள்ளத்தை நிரப்ப அதனால் ஆகாது. ஸ்பீக்கரின் முகம் அதன் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து ஒரு மீட்டரில் இருந்தால், 86 ஹெர்ட்ஸ் அருகே நேர் ஒலியும் சுவரிலிருந்து திரும்பும் ஒலியும் ஒன்றையொன்று அழிக்கும். அங்கே ஈக்யூவில் 10 டெசிபல் ஏற்றினால் ஸ்பீக்கருக்குப் பத்து மடங்கு பவர் போகும், திரும்பும் ஒலியும் கூடவே ஏறும், பள்ளம் அப்படியே கிடக்கும். அதற்குப் பதில் ஸ்பீக்கரை 35 செ.மீ. வரை சுவரோடு நெருக்கினால் பள்ளம் 245 ஹெர்ட்ஸுக்கு நகரும், அங்கே அந்தச் சுவரில் வைத்த கனமான பேனலால் கொஞ்சம் சரிக்கட்ட முடியும். அளப்பதற்கு ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

ஹெட்போனில் அறை என்ற பேச்சே இல்லை. கிக் டிரம்மும் மிருதங்கத்தின் தொப்பியும் பேஸில் மோதுகின்றனவா என்று பார்க்க, கையில் சுமாரான ஹெட்போன் இருந்தாலே இப்படிப்பட்ட ஹாலை நம்புவதைவிட அதை நம்பலாம். ஆனால் இடது வலது விரிவு அளவுக்கு மீறித் தெரியும், பாட்டில் சேர்க்கும் எதிரொலியான ரிவெர்பையும் தப்பாக எடைபோட வைக்கும். மிக்ஸுக்கு, காதுக் கப்பின் பின்புறம் மூடாத திறந்த வகை நல்லது என்பார்கள், சரிதான். ஆனால் அதைப் போட்டிருக்கும்போது குக்கர் விசில் எத்தனை என்றும் நீங்களே எண்ணிச் சொல்லலாம்.

பட்ஜெட் குறைவென்றால் மேசையைத் திருப்பி, இரண்டு ராக்வூல் பேனலும் ஒரு ஹெட்போனும் வாங்குவேன். கையில் இன்னும் காசிருந்தால் அடுத்தது தலைக்கு மேல் ஒரு பேனல். கூரை மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் தரைக்கும் அதற்கும் நடுவே 57 ஹெர்ட்ஸ் வாக்கில் ஓர் அலை நிலைகொள்ளும், பக்கவாட்டில் எவ்வளவு திறந்திருந்தாலும் அது போகாது. கூரைப் பேனலும் அந்த 57-ஐத் தொடாது, ஆனால் வழவழப்பான டைல்ஸுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே கைதட்டினால் கேட்கும் படபடப்பை அடக்கும். அதை உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில், தலைக்கு மேல் தொங்கவிட வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் ஃபேன் இருக்கும், ஆகவே மேசைக்கு இடம் பார்க்கும்போதே அண்ணாந்தும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.