மாற்று இதயத்தில் ஏட்ரியல் ஃப்ளட்டர்: தையல் எங்கே?

மாற்று இதயத்தில் ஃப்ளட்டர் (மேலறையில் மின்னோட்டம் ஒரே வட்டத்தில் வேகமாகச் சுற்றும் துடிப்புக் கோளாறு) வந்தால், அப்லேஷனுக்கு (அந்தச் சுற்றுப்பாதையைச் சுட்டுத் துண்டிக்கும் சிகிச்சை) முன் அறுவை சிகிச்சைக் குறிப்பைத் தேடி எடுங்கள். எந்த முறையில் தைத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1960இல் அறுவை மருத்துவர்கள் லோயரும் ஷம்வேயும் விவரித்த பழைய முறையில், நோயாளியின் சொந்த மேலறைகளின் பின்பகுதியை விட்டுவைத்து, அதோடு புது இதயத்தைத் தைப்பார்கள். ஈசிஜியில் சில சமயம், மேலறைத் துடிப்பைக் காட்டும் பி அலைகள் இரண்டு தெரியும். ஒன்று பழைய இதயத்தின் மிச்சம். தையல் தழும்புக்கு அப்பால் தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும். பார்க்கும்போது மனம் நெகிழும். ஆனால் மேப்பிங்கில் (மின்னோட்டப் பாதையை வரைபடமாக்குவதில்) இதைப் பிரித்தறியாவிட்டால் தவறான இடத்தைச் சுட நேரிடும். ஃப்ளட்டர் பெரும்பாலும் வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மூவிதழ் வால்வைச் சுற்றி ஓடும். அப்போது சுடும் கோடு வால்விலிருந்து தையல் வரை போனால் போதும்.

பைகேவல் முறையில் வலது மேலறை முழுவதும் தானமாக வந்தது, தையல் பெருஞ்சிரைகளில். எனவே கோடு வழக்கம்போல் கீழ்ப் பெருஞ்சிரை வரை போகும். ஃப்ளட்டரும் இதில் குறைவு.

எந்த முறையானாலும், முதலில் உடல் புது இதயத்தை நிராகரிக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அப்புறம்தான் கத்தீட்டர் (சுடப் பயன்படும் குழாய்).