ராத்திரி வலைக்குப் போகும் ஜோடிக்கு எந்தப் பரிசல்: மூங்கிலா, ஃபைபரா?

மேட்டூர் அணையில் இரண்டு விதப் பரிசல் ஓடுகிறது. ஒன்று மூங்கில் பிளாச்சில் பின்னி, பிளாஸ்டிக் சாக்கு போர்த்தி, தார் பூசியது. இன்னொன்று ஃபைபர். பகலில் கரையோரம் தூண்டில் போட எது இருந்தாலும் ஓடும். பொழுது சாயும் முன் வலையை இறக்கி, ராத்திரி தண்ணீரிலேயே காத்திருந்து, விடியக் கருக்கலில் எடுக்கிற கணவன் மனைவிக்கு எது தேவலை என்பதுதான் இங்கே பேச்சு. ஏற்காடு ஏரியில் மிதிபடகு ஓட்டிய பழக்கம் இதற்கு எந்த விதத்திலும் உதவாது. மீன்வளத் துறை உரிமம் இல்லாமல் வலை போடவும் கூடாது.

முதலில் அளவு. வாய் 7 அடி, அடித்தட்டு 5½ அடி உள்ள பரிசல், ஏறக்குறைய 56 கிலோவுக்கு ஒரு அங்குலம் வீதம் தண்ணீரில் இறங்கும். ஆள் இரண்டு பேர் 120 கிலோ, நனைந்த வலை 20, மீன் 30, பரிசல் 35 என்று வைத்தால் மொத்தம் 205 கிலோ. நாலு அங்குலம்கூட இறங்காது. விளிம்பு 2 அடி உயரம் இருந்தால் சுமையைப் பற்றிக் கவலையே வேண்டாம். கவலை ஆள் உட்காரும் இடத்தில்தான். வலை எங்கேயாவது மாட்டிக்கொண்டால் இருவரும் ஒரே ஓரத்துக்கு வந்து குனிவார்கள். அந்த நொடியில்தான் தண்ணீர் உள்ளே ஏறும். ஒருவர் வலையை இழுத்து வாங்கினால் மற்றவர் எதிர்ப்பக்க விளிம்பை ஒட்டி, துடுப்போடு உட்கார வேண்டும். 6 அடிப் பரிசலில் இப்படி விலகி உட்கார இடமே இருக்காது. இரண்டு பேருக்கு 7 அடிக்குக் குறைந்து வாங்கவேண்டாம்.

துடுப்பு வலிப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. முன்பக்கம் குந்தி, துடுப்பை எட்டிப் போட்டு, தண்ணீரைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். இடம் வலம் மாற்றி மாற்றி. ஒரே பக்கம் போட்டால் திரிகை மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். வட்டப் பரிசலுக்கு மூக்கும் இல்லை, அடியில் கட்டையும் இல்லை. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போகும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து வருவது. மேற்குக் கரையில் பண்ணவாடியிலோ கோட்டையூரிலோ ஏறினால் எதிரே கிழக்குக் கரையில் இருக்கும் நாகமரைப் பக்கம் போவது சுலபம், திரும்புவதுதான் பாடு. அந்த மாதங்களில் வலையை மேற்குக் கரையோரமாகவே இறக்குவது நல்லது. சித்திரை, வைகாசியில் வேறு ஆபத்து: சாயங்காலம் இடி கட்டி, சொல்லாமல் கொள்ளாமல் காற்று திரும்பும்.

அப்படி ஒரு மழை 20 மில்லிமீட்டர் பெய்தால் 7 அடி வாய்க்குள் 70 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழும். 5 லிட்டர் கேனைச் சாய்வாக வெட்டி வைத்தால், மொண்டு ஊற்ற இருபத்தைந்து தடவையாவது ஆகும். கேனை விளிம்பில் கயிறு போட்டுக் கட்டி வைக்கவேண்டும். இருட்டில் மிதந்து போன கேன் திரும்பக் கிடைக்காது.

இப்போது முக்கியமான விஷயம். ஒழுகுகிறதா என்று பார்த்துத்தான் எல்லோரும் பரிசல் வாங்குகிறார்கள். அந்தக் கணக்கில் ஃபைபர் ஜெயிக்கும். மூங்கில் பரிசலில் எப்போதும் கொஞ்சம் கசிவு இருக்கத்தான் செய்யும். ஆனால் ராத்திரிக்குக் கேட்கவேண்டிய கேள்வி வேறு: முழுக்கத் தண்ணீர் நிரம்பினால் என்ன ஆகும்? மூங்கில் தண்ணீரைவிட லேசு. நிரம்பினாலும் விளிம்பு மேலேயே நிற்கும். ஏறி உட்கார முடியாது, இரண்டு பேரும் எதிரெதிராகப் பிடித்துக்கொண்டு கிடக்கலாம். கண்ணாடி இழையும் பிசினும் தண்ணீரைவிடக் கனம். விளிம்பிலோ இருக்கைக்குக் கீழோ நுரையை அடைத்து மூடியிருந்தால் மிதக்கும். இல்லாவிட்டால் கல் மாதிரி போகும். கடையில் “மிதக்கும்” என்று சொன்னால் போதாது. இடுப்பளவு தண்ணீரில் இறக்கி, ஓரத்தை அழுத்தி முழுக்க நிரப்பிப் பாருங்கள். விளிம்பு மேலே நின்றால் வாங்கலாம். இந்தச் சோதனைக்கு ஒத்துக்கொள்ளாத இடத்தில் பேரம் பேசுவதே வீண்.

ஓட்டை விழுந்தால் மூங்கிலுக்குத் துணியும் தாரும் போதும், கரையிலேயே அரை மணியில் முடியும். ஃபைபருக்கு விரிசலைச் சுற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, இழைப்பாயை இரண்டு அடுக்கு வைத்துப் பிசின் பூச வேண்டும். கெட்டியாக்கும் திரவம் பிசினில் 1 முதல் 2 சதவீதம். வெயில் நேரத்தில் அளவு கூடினால் பூசி முடிப்பதற்குள் கிண்ணத்திலேயே கட்டி விடும். ஈரத்தில் பூசினால் ஒட்டாது, அடுத்த வாரமே உரிந்து வரும்.

ஃபைபருக்கு ஒரு நல்ல மார்க் உண்டு. விளிம்பு வழவழப்பு, தங்கூசி (நைலான் நரம்பு) வலை சிக்காது. மூங்கில் பிளாச்சின் முனையில் கண்ணி மாட்டி அறுந்தால் ஒரு பொழுது வேலை கெடும். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கீறி, வலை வாங்குகிற பக்கத்து விளிம்பில் சுற்றிவிட்டால் தீர்ந்தது. மூங்கிலைக் கரையில் வெறும் மண்ணில் கவிழ்த்து வைத்தால் கரையான் தின்னும். கல் மேல் வைக்கவேண்டும். கோடை வெயிலில் தார் இளகிப் போர்வை நழுவும், நிழல் வேண்டும்.

இந்த அணையின் முழு மட்டம் 120 அடி. டெல்டாவுக்கு ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். வரத்து குறைந்து மட்டம் இறங்கினால் கரையும் தள்ளிப் போய்விடும். சேற்றில் பரிசலைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். கனத்த ஃபைபர் அப்போது இரண்டு பேருக்கும் இடுப்பை ஒடிக்கும். மூங்கிலை ஒருவரே தலையில் கவிழ்த்துக்கொண்டு போகலாம். மட்டம் இறங்கினால் பண்ணவாடியில் பழைய கோயில் நந்தியும் மாதா கோயில் கோபுரமும் தலை காட்டும். பார்க்க வருகிறவர்களுக்கு அது வேடிக்கை. வலைக்காரர்களுக்கு, மூழ்கிய ஊர்களின் சுவரும் மரக்கட்டையும் வலைக்கு எட்டும் ஆழத்துக்கு வந்துவிட்டன என்று அர்த்தம்.

ஆகவே ராத்திரிக்கு எங்கள் ஓட்டு 7 அடி மூங்கிலுக்கு. நிரப்பும் சோதனையில் தேறிய ஃபைபர் இரண்டாவது. எதை வாங்கினாலும் உயிர்காப்பு உடுப்பு இரண்டு, துடுப்பு இரண்டு. தலை டார்ச்சை வலை வாங்கும்போது மட்டும் போட்டால் போதும். சும்மா எரியவிட்டால் பூச்சி மொய்க்கும், எதிர்க்கரையில் தெரியும் வெளிச்சமும் கண்ணுக்குப் பிடிபடாது. அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் துறைக்குத் திசை பார்க்கவேண்டும்.